ரோபோ கை தூக்கும்போது போர்டு ரீசெட் ஆவது பற்றி

உங்கள் ரோபோ வண்டி தரையில் போட்ட கோட்டைப் பின்தொடர்வதும் தடையைக் கண்டு விலகுவதும் சரியாக ஓடுகின்றன, ஆனால் நான்கு எம்ஜி996ஆர் சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்) வைத்த கையை மாட்டியதிலிருந்து, கை எழும்போதெல்லாம் அதை இயக்கும் ஆர்டுயினோ ஊனோ போர்டு ரீசெட் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். புரோகிராமை மாற்ற வேண்டாம், அதில் தவறில்லை.

சர்வோக்களுக்குப் போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்தே (pin, வயர் செருகும் இணைப்பு) மின்சாரம் எடுத்திருப்பதுதான் சிக்கல். அந்த வகை சர்வோ ஒன்றே பாரத்தில் திணறி நின்றால் 2 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தப் பின் அதில் பாதியைக்கூடத் தாங்காது. வோல்டேஜ் கண நேரம் சரிந்தாலே சிப் முதலிலிருந்து தொடங்கிவிடும்.

சர்வோக்களின் சிவப்பு வயர்களைப் பிரித்து, 6 வோல்ட்டில் குறைந்தது 5 ஆம்பியர் தரும் பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜைக் குறைத்துத் தரும் சர்க்யூட்) வழியாக பேட்டரியில் இணையுங்கள். கிரவுண்ட் (நெகட்டிவ் வயர்) மட்டும் போர்டோடு பொதுவாக இருக்கட்டும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான். விட்டால் சிக்னல் பிடிபடாமல் கை நடுங்கிக்கொண்டே இருக்கும். வோல்டேஜ் கண நேரம் சரிவதைத் தாங்க, சர்வோ லைனில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் போடுங்கள், துருவம் பார்த்து.

அடுத்து கேமரா வைத்து அறையை வரைபடமாக்குவது என்கிறீர்கள். அருமையான இலக்கு! ஊனோவில் (ஆர்3 வரை) 2 கேபி ரேம்தான், அதனால் ராஸ்பெர்ரி பை மாதிரி சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று வேண்டும். ஆனால் அதற்கும் முன்னால் சக்கரங்களில் என்கோடர் (சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று அளக்கும் சென்சார்) மாட்டுங்கள். ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரம் ஓடவிட்டு, கிளம்பிய இடத்துக்கே வருகிறதா என்று அளந்து பாருங்கள். வண்டி எங்கே நிற்கிறது என்ற கணக்கு தப்பினால் வரைபடத்தில் சுவரெல்லாம் கோணலாகத்தான் விழும்.

மாற்றிய பிறகும் ரீசெட் ஆனால் வயரிங் படம் ஒன்று போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.