வங்கியில் டெக்னாலஜி இன்டர்ன்ஷிப்: மண்டி நடத்தும் ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. விருதுநகரில் வத்தல் மண்டி நடத்துகிறீர்கள். மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு. வரும் மே மாதம் பெங்களூரில் ஒரு பெரிய பன்னாட்டு வங்கியின் தொழில்நுட்ப மையத்தில் பத்து வார இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. "கணக்கப்பிள்ளை வேலைக்கா இவ்வளவு செலவு செய்து படிக்க வைத்தேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயங்காமல் அனுப்புங்கள். கணக்கப்பிள்ளை வேலையைத் தெரிந்துகொள்ளத்தான் அவள் போக வேண்டும் என்றே நான் சொல்வேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இது கவுண்டரில் உட்காரும் வேலை இல்லை. ஐபிபிஎஸ் தேர்வு எழுதி அரசு வங்கியில் ஐடி அதிகாரியாகச் சேரும் வழியும் இல்லை, அது தனிப் பாதை. ஜேபி மார்கன், கோல்ட்மேன் சாக்ஸ், வெல்ஸ் ஃபார்கோ போன்றவற்றுக்குப் பெங்களூரில் பெரிய மையங்கள் இருக்கின்றன. நம் சென்னையிலேயே ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட், பிஎன்பி பாரிபா, சிட்டி மையங்கள் இருக்கின்றன. பல நாடுகளில் அந்த வங்கிகள் ஓட்டும் மென்பொருளை எழுதிப் பராமரிக்கும் இடங்கள் இவை. சாஃப்ட்வேர் கம்பெனியில் என்ன வேலை உண்டோ, அது இங்கேயும் உண்டு. ஆனால் இங்கே ஒவ்வொரு வரி நிரலுக்குப் பின்னாலும் யாரோ ஒருவருடைய பணம் இருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த ஒன்றை வைத்தே சொல்கிறேன். சாயங்காலம் மண்டியில் கணக்கு முடிக்கிறீர்கள். சிட்டை, பேரேடு, கல்லா இருப்பு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பத்து ரூபாய் உதைத்தாலும் எங்கே என்று தேடாமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டீர்கள். வங்கியில் இதற்கு ரீகன்சிலியேஷன் என்று பெயர். தினமும் கோடிக்கணக்கான பதிவுகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒப்பிட்டு, ஒத்துப்போகாததைப் பிரித்தெடுக்கும் நிரல்கள் அங்கே இரவெல்லாம் ஓடுகின்றன. இன்டர்ன்களுக்குக் கொடுக்கும் வேலைகளில் இப்படிப்பட்டவை நிறைய: ஒத்துப்போகாதவற்றைத் திரையில் காட்டும் ஒரு பக்கம், பழைய நிரலுக்குச் சோதனை எழுதுவது, கையால் செய்யும் ஓர் அறிக்கையைத் தானாக வரவைப்பது.

யுபிஐயில் ஒருவர் உங்களுக்குப் பணம் அனுப்புகிறார். அவர் கணக்கில் பற்று ஆகிவிட்டது, உங்கள் கணக்கில் வரவு ஆகவில்லை. இப்படி நடந்தால் மறுநாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்தது. அந்தத் 'தானாக' என்ற ஒரு சொல்லை நடத்திக்காட்ட எத்தனை நிரல் வேண்டும் என்று பாருங்கள். நடுவில் பதில் வராமல் போனால் என்ன செய்வது? அதே கோரிக்கை இரண்டாம் முறை வந்தால் இரண்டு முறை பற்று வைத்துவிடாமல் எப்படித் தடுப்பது? கல்லூரி புராஜெக்ட்டில் இந்தக் கேள்விகளை யாரும் கேட்பதில்லை. வங்கியில் முதல் வாரமே கேட்பார்கள்.

இதில் சறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு பிரிட்டனின் டிஎஸ்பி (TSB) வங்கி ஓர் உதாரணம். 2018 ஏப்ரலில் வாடிக்கையாளர் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றினார்கள். பலரால் தங்கள் கணக்குக்குள்ளேயே நுழைய முடியவில்லை. நிலைமை முழுதும் சீராக அந்த ஆண்டு டிசம்பர் ஆனது. 2022இல் அங்குள்ள கண்காணிப்பு அமைப்புகள் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல். இங்கேயும் தொழில்நுட்பக் குறைகளுக்காக 2020 டிசம்பரில் ஹெச்டிஎஃப்சி வங்கிக்கும், 2024 ஏப்ரலில் கோட்டக் மஹிந்திரா வங்கிக்கும் புதிய கிரெடிட் கார்டு கொடுக்க ரிசர்வ் வங்கி தடை போட்டது, பின்னால் விலக்கியது. அதனால்தான் வங்கிகளில் ஒரு சின்ன மாற்றத்துக்குக்கூட எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர், ஒப்புதல் தருபவர் மூன்றாமவர்.

இந்த நிதானம் பிள்ளைகளைச் சோர்வடைய வைக்கும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவி இரண்டாம் வாரம் அழுதுகொண்டே போன் செய்தாள். "சார், இன்னும் எனக்கு ஆக்செஸ்ஸே வரலை. சும்மா உட்கார்ந்திருக்கேன்." நான் அவளிடம் சொன்னது: உன் குழுவின் மென்பொருளுக்குள் பணம் எந்த வழியாக வருகிறது, எந்த வழியாகப் போகிறது என்று ஒரு தாளில் படமாகப் போடு. தெரியாத இடத்தில் கேள்விக்குறி வை. அந்தக் கேள்விக்குறிகளை எடுத்துக்கொண்டு இரவுப் பணியைக் கவனிப்பவர்களிடம் போ. அனுமதி வந்து சேர்ந்தபோது, எங்கே கை வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் மகளும் முதல் சில நாட்கள் "ஒண்ணும் வேலை இல்லப்பா" என்று சொல்லலாம். கலங்காதீர்கள், அதை வைத்து முடிவும் கட்டாதீர்கள்.

இப்போது உங்கள் கையில் இருக்கும் வேலை. அவளுடைய சான்றிதழ்களை எல்லாம் எடுத்துப் பெயரைப் பாருங்கள். நம் ஊரில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் இனிஷியல் இருக்கும், பான் கார்டில் உங்கள் பெயர் முழுதாக விரிந்திருக்கும், ஆதாரில் மூன்றாவது ஒரு விதமாக இருக்கும். வங்கிகள் பின்னணிச் சரிபார்ப்பில் கண்டிப்பானவை. இந்த வித்தியாசத்தால் சேரும் தேதி தள்ளிப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆதாரையும் பானையும் இப்போதே ஒத்துப்போகச் செய்யுங்கள். மார்க் ஷீட் இனிஷியலுக்கு என்ன சான்று வேண்டும் என்று அந்த வங்கியின் மனிதவளப் பிரிவிடமே மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள். கல்லூரியின் தடையின்மைச் சான்றும் வேண்டியிருக்கும்.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது. மகள் பெயரில் டிமேட் கணக்கு (பங்குகளை வைத்திருக்கும் கணக்கு) திறந்து நீங்கள் பங்கு வாங்கி விற்றுக்கொண்டிருந்தால் அவளிடம் சொல்லிவிடுங்கள். முதலீட்டு வங்கித் தொழில் செய்யும் பல நிறுவனங்கள் இன்டர்ன்களிடமும் பங்குக் கணக்கு விவரம் கேட்கும், வாங்க விற்க முன் அனுமதியும் கேட்கலாம். மறைத்ததாக ஆகிவிடக் கூடாது.

அவளுக்கும் சில வார்த்தை. அலுவலகத் திரையைப் போட்டோ எடுக்கக் கூடாது, நிரலைச் சொந்த மெயிலுக்கு அனுப்பக் கூடாது, கிட்ஹப் போன்ற நிரல் பகிரும் தளத்தில் போடக் கூடாது, வெளியே உள்ள ஏஐ சாட்டில் ஒட்டிக் கேட்கவும் கூடாது. நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மே மாதத்துக்குள் எஸ்க்யூஎல் (தரவுத்தளத்திலிருந்து விவரம் எடுக்கும் மொழி) கைவந்திருக்கட்டும், அதோடு ஜாவா என்ற நிரல்மொழியும், நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ (Git) கருவியும் போதும். ஐந்தாவது வாரம் மேலாளரிடம் அவளே போய், "என் வேலையில் எது குறைகிறது?" என்று கேட்கட்டும். கடைசி வாரம் கேட்டால் திருத்திக்கொள்ள நேரம் இருக்காது.

வேலை உறுதியா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. நன்றாகச் செய்தவர்களுக்கு வேலை வாய்ப்பு தருவது வழக்கம்தான். ஆனால் அந்த ஆண்டு எத்தனை இடம் இருக்கிறது என்பதையும் பொறுத்தது அது. அதை நம்பிக் கல்லூரியின் மற்ற நேர்காணல்களை விட்டுவிட வேண்டாம். அப்புறம், சேர்வதற்கு முன் லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று எவராவது பணம் கேட்டால் அது மோசடி. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். செமஸ்டர் தேர்வு முடிந்து அவள் ஊருக்கு வந்ததும் நான்கு நாள் சாயங்காலம் மண்டிக்குக் கூட்டிப்போங்கள். கணக்கு முடிக்கும்போது பக்கத்தில் உட்காரட்டும். என்றைக்காவது உதைத்தால், எங்கே தேட ஆரம்பிப்பீர்கள், ஏன் அங்கே என்று சொல்லிக்கொண்டே தேடுங்கள். இதை அவளுக்கு அந்தக் கல்லூரியில் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.