மூன்று நாள் முகாமா, வீட்டுப் பக்கத்துக் குளமா?

கேள்வி: கோவையில் சிங்காநல்லூர்ப் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. பள்ளி விட்டு வந்தால் கையில் ஃபோன்தான். யாரிடமும் அதிகம் பேச மாட்டான், சின்ன விஷயத்துக்கும் பயப்படுவான். பள்ளியில் வால்பாறையில் மூன்று நாள் ‘இயற்கை வழி ஆளுமை வளர்ச்சி முகாம்’ என்று அறிவித்திருக்கிறார்கள். ஆளுக்கு 9,500 ரூபாய். ஃபோன் பழக்கம் குறையும், தன்னம்பிக்கை வளரும் என்கிறார்கள். வீட்டுக்காரர் வீண் செலவு என்கிறார். எல்லாப் பிள்ளைகளும் போகும்போது இவன் மட்டும் நின்றுவிடுவானே என்று எனக்குச் சங்கடம். அனுப்பலாமா? வேண்டாம் என்றால், வேலைக்குப் போகிற நாங்கள் இரண்டு பேரும் வேறு என்ன செய்ய முடியும்? எங்களுக்கு ஞாயிறு மட்டும்தான் ஓய்வு.

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் காரணத்துக்காக என்றால், அனுப்ப வேண்டாம். நண்பர்களோடு ஜாலியாகப் போய்வரட்டும் என்று நினைத்தால் அனுப்புங்கள். அது சுற்றுலா, அதில் தப்பே இல்லை. 9,500 ரூபாய் கட்டினால் ஃபோன் போய்விடும், தைரியம் வந்துவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள். மூன்று நாளில் வந்த தைரியம் நாலாவது நாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே போய்விடும்.

வெளியில், செடி கொடி பறவைகளுக்கு நடுவில் இருந்தால் பிள்ளைகள் வளர்வார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. பள்ளிப் பிள்ளைகளைக் குளக்கரைக்குக் கூட்டிப்போவதுதான் என் பிழைப்பு. ஆனால் அந்த வளர்ச்சி ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதில்தான் வருகிறது. முதல் தடவை போனால் தண்ணீர் தெரியும், குப்பை தெரியும், அவ்வளவுதான். நாலைந்து தடவைக்கு அப்புறம், கறுப்பாக மிதப்பதெல்லாம் வாத்து இல்லை என்று தெரியும். நெற்றி வெள்ளையாக இருப்பது நாமக்கோழி. குட்டியாக இருந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே முங்கி வேறு இடத்தில் எழுவது முக்குளிப்பான். கழுத்தை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நீந்துவது பாம்புத்தாரா. போன வாரம் இருந்த தகைவிலான் குருவிகளை இந்த வாரம் காணோம், எங்கே போயின என்று அவனே கேட்பான். பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். காத்திருப்பது, கவனிப்பது, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வது எல்லாம் இப்படித்தான் பழகும். முகாமில் இதற்கு நேரமே கிடையாது. அங்கே ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விசில் ஊதுவார்கள்.

உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே சிங்காநல்லூர்க் குளம் இருக்கிறது. நொய்யல் ஆற்றை நம்பி வெட்டிய பழைய குளங்களில் ஒன்று. சாக்கடை கலக்கிறது, ஆகாயத்தாமரை மூடுகிறது, எல்லாம் உண்மைதான். அதோடு கூழைக்கடாவும் வருகிறது, நீர்க்காகமும் வருகிறது. பையன் சாக்கடை, பறவை இரண்டையும் பார்க்கட்டும். வால்பாறையில் அவனுக்குக் காட்டப்போவது ரிசார்ட்டின் புல்வெளியை.

இந்த முகாம் வியாபாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இதை விட்டால் எனக்கு மனசு ஆறாது.

இவற்றை நடத்துகிறவர்களில் பலர் இயற்கை படித்தவர்கள் இல்லை, ஈவென்ட் நடத்துகிறவர்கள். பள்ளிக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு ஏஜென்ட் இருப்பார். இத்தனை பிள்ளைகள் சேர்ந்தால் இத்தனை ஆசிரியர்களுக்கு இலவசம் என்று ஒரு கணக்கு, தலைக்கு இவ்வளவு கமிஷன் என்று இன்னொரு கணக்கு. அதனால்தான் ‘எல்லாரும் வர்றாங்க, நீங்க மட்டும்தான் பாக்கி’ என்று உங்களுக்கு ஃபோன் வருகிறது. மற்ற பெற்றோர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கும் இதே வசனம்தான் போயிருக்கும். நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கயிற்றில் தொங்கிப்போகும் ஜிப்லைன், கயிற்றில் நடக்கும் பர்மா பாலம், ரெயின் டான்ஸ், ராத்திரி கேம்ப் ஃபயர், டி.ஜே. இவற்றில் இயற்கை எங்கே இருக்கிறது? அவினாசி சாலையில் ஒரு மண்டபம் பிடித்தாலே இதையெல்லாம் செய்துவிடலாம்.

இன்னும் சிலர் ‘உங்கள் பிள்ளைக்கு இயற்கைக் குறைபாட்டு நோய் இருக்கலாம்’ என்று கேள்வித்தாள் கொடுத்து மதிப்பெண் போடுகிறார்கள். அப்படி ஒரு நோய் மருத்துவத்தில் கிடையாது. ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளர் 2005-ல் பிரபலமாக்கிய சொல் அது. அவரே அதை நோய் என்று சொல்லவில்லை. யாராவது அதற்கு டெஸ்ட் வைத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பையன் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், பள்ளிக்கே போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் நிலையில் இருந்தால் மட்டும் முகாம், குளம் இரண்டையும் ஒதுக்கிவைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

‘அடர்ந்த காட்டுக்குள் நடை’ என்று நோட்டீஸில் போட்டிருந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வனத்துறை அனுமதிக் கடிதத்தின் நகல் எங்கே? வால்பாறையைச் சுற்றி இருப்பது ஆனைமலை புலிகள் காப்பகம். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம், அழைத்துப்போகிறவரோடு சேர்த்து உங்கள் பிள்ளையும் மாட்டுவான். ‘நமக்கு ரேஞ்சரைத் தெரியும்’ என்பதெல்லாம் அனுமதி ஆகாது. சிறுத்தை நடமாடும் எஸ்டேட் ஓரத்தில் ராத்திரி பிள்ளைகளைக் கூடாரத்தில் படுக்கவைக்கிறவர்களுக்கு என்ன சொல்ல! 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலைச்சரிவில் நடந்துபோனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மார்ச்சில் அந்தப் புல் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவரைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார். அதற்கு அப்புறம்தான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. நம் ஊரில் விதி வருவதற்கு எப்போதுமே யாராவது சாக வேண்டியிருக்கிறது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

காலை ஆறரைக்குக் கிளம்புங்கள். ஒன்றரை மணி நேரம் போதும். எந்தக் கரையில் நடப்பது, எங்கே உட்காருவது என்பதை அவன் முடிவு செய்யட்டும். பயப்படுகிற பையன் என்கிறீர்கள். அவனுக்குத் தேவை அவனே எடுக்கிற சின்னச் சின்ன முடிவுகள். கயிற்றில் தொங்கவிட்டால் பயம் போகாது. ஒரு நோட்டு, பேனா கொடுங்கள். தேதி, நேரம், பார்த்தது, எண்ணிக்கை, இவ்வளவு எழுதினால் போதும். பெயர் தெரியாவிட்டால் ‘வெள்ளை வால், நீள மூக்கு’ என்று எழுதட்டும். கூட அவன் வயதுப் பையன் ஒருவன் வந்தால் பாதி வேலை முடிந்தது. நீங்களோ அப்பாவோ, யார் போனாலும் இருபதடி பின்னால் நடங்கள். பாடம் எடுக்காதீர்கள். ‘பார்த்தியா, எவ்வளவு அழகு!’ என்று நொடிக்கொரு தடவை சொன்னால் எனக்கே எரிச்சல் வரும்.

ஃபோனைப் பிடுங்கி வைத்துவிட்டுக் கூட்டிப்போவது நிறையப் பேர் செய்யும் தப்பு. பிடுங்கினால் அன்று முழுக்க அவன் மனசு ஃபோனில்தான் இருக்கும். எடுத்து வரட்டும். இ-பேர்ட் என்ற இலவசச் செயலியில் பறவைப் பட்டியலைப் பதியலாம். மெர்லின் என்ற இன்னொன்று, கூவும் சத்தத்தைக் கேட்டு இன்ன பறவையாக இருக்கலாம் என்று காட்டும். சில நேரம் தப்பாகவும் காட்டும். அந்தத் தப்பை அவன் கண்டுபிடித்துச் சொல்லும் நாளில் உங்களுக்கு வேலை குறைந்துவிடும். 2015-லிருந்து ஒவ்வொரு பொங்கலையும் ஒட்டி, ஜனவரி நடுவில், தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஒரு இடத்தில் 15 நிமிடமாவது பறவைகளை எண்ணி இ-பேர்டில் ஏற்றினால் போதும். கட்டணம் இல்லை, ஏஜென்ட்டும் இல்லை. தான் எழுதியதை ஆராய்ச்சியாளர்கள் எடுத்துப் பார்ப்பார்கள் என்பது 13 வயதுப் பையனுக்குப் பெரிய விஷயம். யாரும் கொடுக்கிற சான்றிதழ் அதற்குப் பக்கத்தில் வராது.

முதல் சில வாரம் ‘போர் அடிக்குது’ என்பான். அடிக்கட்டும். அந்த அலுப்பைத் தாண்டித்தான் கவனிப்பு வரும். வர மறுக்கிற ஞாயிறில் வற்புறுத்தாதீர்கள், நீங்கள் மட்டும் போய்விட்டு வாருங்கள்.

பின்னால் தள்ளி நில்லுங்கள், விழுந்தால் எழுந்துகொள்வான், முள் குத்தினால் பிடுங்கிக்கொள்வான் என்றுதான் எல்லாப் பெற்றோரிடமும் சொல்வேன். தண்ணீரில் மட்டும் இது செல்லாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெற்றோர்கள் பாம்புக்குப் பயப்படுகிற அளவுக்குத் தண்ணீருக்குப் பயப்படுவதில்லை. பாம்பைப் பொறுத்தவரை, செருப்புக்குப் பதில் ஷூ, கால் வைக்கும் இடத்தில் கண், ஏதாவது ஆனால் கட்டுப் போடாமல் கீறாமல் நேராக அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். குளம் அப்படி இல்லை. கரையிலிருந்து பார்த்தால் முழங்கால் ஆழம் போலத் தெரியும். உள்ளே வண்டல் மண் எடுத்த குழி இரண்டு ஆள் ஆழத்துக்கு இருக்கும், யாரும் மூடியிருக்க மாட்டார்கள், பலகையும் வைத்திருக்க மாட்டார்கள். அடியில் சேறு. கால் புதைந்தால் நீச்சல் தெரிந்தவனுக்கும் சிரமம். ஆற்றில் மணல் அள்ளிய பள்ளம், கைவிட்ட கல்குவாரி, இரண்டும் இதே கதைதான், குவாரியில் ஏறிவரக் கரைகூட இருக்காது. மேட்டுப்பாளையம் பக்கம் பவானி ஆறு அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். மேலே பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் மளமளவென்று ஏறும். வெயில் அடிக்கும் நாளில், மழையே இல்லாமல் வெள்ளம் வரும் என்று யார் நினைப்பார்கள்? ஒருவன் வழுக்குவான், நண்பன் கை கொடுப்பான், இரண்டு பேரும் போவார்கள். ஆகவே: தண்ணீருக்கு அருகில் இருக்கும்போது மட்டும் இருபதடி பின்னால் நடக்காதீர்கள், கை எட்டும் தூரத்தில் இருங்கள். கணுக்காலுக்கு மேல் இறங்கக் கூடாது. யாராவது விழுந்தால் குதிக்காமல் துப்பட்டா, கம்பு, காலி கேன், எதையாவது வீசவேண்டும் என்று கிளம்பும் முன்பே சொல்லிவையுங்கள். முடிந்தால் இந்த வருடமே அவனை நீச்சல் கற்கச் சேர்த்துவிடுங்கள். நீச்சல் வந்த பிறகும் விதி இதேதான்.

வெளியில் இருப்பதால் பிள்ளைகளுக்கு வரும் பலன்களில், தன்னம்பிக்கை போன்றவற்றை அளப்பது கடினம். தெளிவாக அளந்து காட்டியிருப்பது கண்ணைப் பற்றித்தான். சீனாவில் குவாங்சோ நகரத்துப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரைத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருடம் கழித்து, வழக்கம்போல இருந்தவர்களில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வெளியில் விடப்பட்டவர்களில் 30.4 சதவீதம். 2015-ல் வெளிவந்த ஆய்வு இது. காடும் மலையும் தேவைப்படவில்லை, பகல் வெளிச்சமும் பள்ளி மைதானமும் போதுமாக இருந்தது. நம் பள்ளிகளில் தினமும் இல்லாவிட்டாலும் வாரத்தில் சில நாள் அந்த 40 நிமிடம் ஏற்கனவே பி.டி. பீரியட் என்ற பெயரில் கால அட்டவணையில் இருக்கிறது. கணக்கு வாத்தியார் அதை எடுத்துக்கொள்கிறார். வாரத்தில் கிடைக்கிற இரண்டு பீரியடையும் பிடுங்கிவிட்டு, வருடத்துக்கு ஒருமுறை 9,500 ரூபாய்க்கு இயற்கையை விற்கிறார்கள். தேசிய பசுமைப் படை என்று மாணவர்களுக்கான சுற்றுச்சூழல் மன்றம் ஒன்று பல பள்ளிகளில் பதிவேட்டில் இருக்கும். சுற்றுச்சூழல் தினத்தன்று ஒரு மரக்கன்றோடு ஃபோட்டோ, அத்தோடு சரி. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் முகாமைப் பற்றிக் கேட்பதை விட பி.டி. பீரியடைப் பற்றிக் கேளுங்கள்.

முகாமுக்கு வைத்திருந்த பணத்தில் நல்ல பைனாகுலர் ஒன்று வாங்கலாம். 8×42 என்று கேளுங்கள், அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர். ஆன்லைனில் 20×50, 60 மடங்கு என்று மலிவாக விற்பதை வாங்காதீர்கள். கை ஆட்டத்தில் ஒன்றும் தெரியாது, பையன் இரண்டே நாளில் மூலையில் போட்டுவிடுவான்.

மலை ஏறியே ஆகவேண்டும் என்று அவன் பிற்பாடு கேட்டால் அதற்கு அரசு வழியே இருக்கிறது. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் பதிவு செய்யலாம், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூட வருவார். எளிதான பாதையில் தொடங்குங்கள், 18 வயதுக்குக் கீழே என்பதால் உங்கள் சம்மதக் கடிதம் வேண்டும். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீப் பருவம், பாதைகளை மூடுவார்கள். அந்த மாதங்களில் ‘எங்களுக்கு மட்டும் அனுமதி உண்டு’ என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நண்பர்களுக்காக வால்பாறைக்கு அனுப்புவது என்று முடிவு செய்தால், பள்ளி கொடுக்கும் சம்மதப் படிவத்தை முழுதாகப் படியுங்கள். ‘எது நடந்தாலும் பள்ளியோ அமைப்பாளரோ பொறுப்பல்ல’ என்ற வரி அநேகமாகக் கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும். அதை அடித்துவிட்டு, எத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர், தங்கும் இடத்தின் முழு முகவரி என்ன, அருகில் எந்த மருத்துவமனை, ஆற்றிலோ அருவியிலோ இறக்குவார்களா என்ற நாலு கேள்விக்கும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.