பால் இல்லை, முட்டை இல்லை, மாசி இல்லை: கடையில் எதை வாங்குவது?

கேள்வி (கல்முனை): வீட்டில் இருவர். மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். 'வீகன்' என்று அச்சடித்த பக்கற்றுகள் இங்கே கிடைப்பதில்லை. தினமும் புதிது புதிதாகச் சமைக்கவும் நேரமில்லை. மாதச் சாமான் பட்டியல் ஒன்று சொல்வீர்களா?

அந்தப் பக்கற்றுகள் உங்களுக்குத் தேவையில்லை. சோறு, பிட்டு, இடியப்பம், பருப்பு, சொதி, சுண்டல், கீரை எல்லாம் நாம் காலங்காலமாகச் சாப்பிடுபவைதான். அவற்றுள் பாலும் மாசிக் கருவாடும் நுழையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இருவருக்கு மாதம் மைசூர்ப் பருப்பு 2 கிலோ, கௌபி 1 கிலோ, பயறு 1 கிலோ, கடலை அரைக் கிலோ, சோயா மீற் 90 கிராம் பக்கற் ஆறு, கச்சான் அரைக் கிலோ, எள் 200 கிராம், குரக்கன் மா 1 கிலோ. பருப்பு, கௌபி, பயறு மூன்றிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது. பாலை விட்டவர்களுக்குக் குரக்கனும் எள்ளும் முக்கியம். குரக்கன் மா 100 கிராமில் 340 மில்லிகிராம் அளவு கல்சியம் உண்டு. வாரம் இரண்டு நாள் குரக்கன் பிட்டு அவிப்பது உதவும், ஆனால் கல்சியத் தேவைக்கு அது மட்டும் போதாது.

மரக்கறியை மாதக்கணக்கில் திட்டமிடாதீர்கள். அன்றன்று சந்தையில் மலிந்ததை வாங்குங்கள்.

கேள்வி (செங்கலடி): தேங்காய் விலை ஏறும்போது தேங்காய்ப்பால் மா வாங்குகிறேன். அது முழுக்கத் தேங்காய்தானே?

பெரும்பாலும் இல்லை. பலர் ஏமாறும் இடம் இதுதான். தேங்காய்ப்பாலில் கொழுப்பு அதிகம். அதை அப்படியே உலர்த்தினால் மாவாக உதிராது, எண்ணெய் கசிந்து கட்டிபட்டுவிடும். ஆகவே கொழுப்புத் துளிகளைச் சுற்றி ஒரு படலம் உண்டாக்க சோடியம் கேசினேற் சேர்க்கிறார்கள். அது பசுப்பாலிலிருந்து எடுக்கும் புரதம். பக்கற்றின் முன்பக்கம் தேங்காய்ப் படம் மட்டும் இருக்கும். கேசினேற் பின்பக்கச் சேர்மானப் பட்டியலில், மோல்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாச்சத்துத் தூளுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். கேசினேற் இல்லாத மாவும் உண்டு, பட்டியலைப் பார்த்து எடுங்கள். ரின்னிலோ பெட்டியிலோ வரும் திரவத் தேங்காய்ப்பாலில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. தேநீருக்குப் போடும் 'பால் அல்லாத' கிறீமரிலும் இதே கேசினேற் இருக்கக்கூடும். அந்தப் பெயரை நம்ப வேண்டாம்.

தேங்காய் மலிந்த நாளில் நாலைந்து வாங்கித் துருவி, ஒரு தேங்காய்த் துருவல் ஒரு பை என்று கட்டி ஃப்ரீசரில் வையுங்கள். பல வாரம் கெடாது. இளஞ்சூட்டு நீர் ஒரு கப் விட்டுப் பிழிந்தால் முதற்பால், இன்னும் இரண்டு கப் விட்டால் இரண்டாம் பால். கறி இரண்டாம் பாலில் வேகட்டும். முதற்பாலைக் கடைசியில் விட்டு, ஓரம் நுரைத்ததும் இறக்குங்கள். கொதிக்க விட்டால் திரிந்துவிடும். சொதிக்குத் தேசிக்காயும் இறக்கிய பிறகுதான். வாங்கும்போது காயைக் காதருகில் ஆட்டிப் பாருங்கள், தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும். கண்களில் ஈரமோ பூஞ்சணமோ இருந்தால் வைத்துவிடுங்கள்.

கேள்வி (திருக்கோவில்): கௌபியை இரவு முழுக்க ஊறப்போட்டும் வேகவில்லை. கடைக்காரர் பழைய சரக்கைத் தந்துவிட்டாரா?

இருக்கலாம். சூடும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பயறு வகைகள் எவ்வளவு அவித்தாலும் நடுவில் கல்லாகவே நிற்கும். நிறம் மங்கியது, சுருங்கியது, அடியில் தூள் விழுந்தது, வண்டு துளைத்தது எல்லாம் பழையதன் அடையாளம். புதுக் கடையானால் முதலில் 250 கிராம் மட்டும் வாங்கி அவித்துப் பாருங்கள்.

உங்கள் தண்ணீரும் காரணமாக இருக்கலாம். கிணற்றுத் தண்ணீரில் கல்சியம் கூடினால் தோல் இறுகும். 250 கிராமுக்கு அப்பச்சோடா தேக்கரண்டியில் எட்டில் ஒரு பங்கு போதும், கூடினால் சவர்க்காரச் சுவை வரும். புளியையும் தக்காளியையும் வெந்த பிறகு சேருங்கள், புளிப்பு முன்னமே சேர்ந்தால் அதுவும் வேகவிடாது. எட்டு மணி நேரம் ஊறட்டும். நம் வெயிலில் இடையில் ஒரு தடவை தண்ணீர் மாற்றாவிட்டால் நுரைத்துப் புளிக்கும்.

ஒரே தடவையில் அரைக் கிலோ அவித்து நாலு பங்காக ஃப்ரீசரில் வைத்தால் நாலு நாள் சமையல் பாதி முடிந்தது. வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் சுண்டல். பருப்புக்கு ஊறலே வேண்டாம், இருபது நிமிடத்தில் வெந்துவிடும். அலுப்பான நாளில் அதுதான் கைகொடுக்கும்.

கேள்வி (அக்கரைப்பற்று): கோழிச் சுவை, இறால் சுவை என்று வரும் சோயா மீற்றில் உண்மையில் அவை இருக்குமா?

பெயரை வைத்துச் சொல்ல முடியாது. சோயாத் துண்டையும் உள்ளே வரும் சுவைத்தூளையும் தனித்தனியாகப் பாருங்கள். தூளில் பால்மா, முட்டை, உலர்ந்த மீன் எதுவும் வரலாம். தூள் இல்லாத வெறும் சோயா வாங்கி நம் மிளகாய்த்தூளில் சமைப்பதே நல்லது. உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிடம் வைத்து, நன்றாகப் பிழிந்து, பச்சைத் தண்ணீரில் இன்னும் இரண்டு தடவை அலசிப் பிழியுங்கள். பச்சை வாடை அதில்தான் போகும். பிழியாமல் கறிக்குள் போட்டால் துண்டுக்குள் தண்ணீர் நிற்கும், உறைப்பு ஏறாது.

கேள்வி (மட்டக்களப்பு நகர்): சைவக்கடையில் சாப்பிட்டால் பயமில்லையே?

மீனுக்கும் முட்டைக்கும் பயமில்லை, பாலுக்கு உண்டு. தோசையில் நெய், மோர்மிளகாயில் தயிர், பாயசத்தில் பால். மற்றச் சாப்பாட்டுக் கடைகளில் சம்பலிலும் பருப்பிலும் மாசி போடுவார்கள், ஆகவே கேட்டே வாங்குங்கள். பேக்கரிப் பணிசின் பளபளப்பு பெரும்பாலும் முட்டை. இந்தியப் பக்கற்றில் உள்ள பச்சைப் புள்ளி சைவத்துக்குத்தான், அதில் பால் இருக்கலாம்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): பீ12 விற்றமின் மாத்திரை கட்டாயம் வேண்டுமா?

வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மரக்கறியிலோ கீரையிலோ நம்பத்தக்க அளவு பீ12 கிடையாது. ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு ஆண்டுக்கணக்கில் வெளியே தெரியாமலும் இருக்கும். பெரியவருக்கு நாளொன்றுக்கு 10 மைக்கிரோகிராமாவது, அல்லது வாரம் ஒருமுறை 2000 மைக்கிரோகிராம். ஃபாமசியில் பீ கொம்ப்ளெக்ஸ் தந்தால் அதில் பீ12 எவ்வளவு என்று பாருங்கள், ஒவ்வொன்றிலும் ஒவ்வோர் அளவு. கப்சூலின் கூடு விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினாக இருக்கலாம், மாத்திரையாகக் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் அளவை வைத்தியர் சொல்லட்டும்.

பிளேன்ரீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். தேயிலை, பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது.

கேள்வி (சம்மாந்துறை): சோயா மீற் பக்கற்றில் அச்சடித்த விலையை விடக் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

அது குற்றம். பில்லை வாங்கி, பக்கற்றோடு வைத்துக்கொண்டு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி எண்ணில் அறிவியுங்கள்.