போனைத் திறந்து காட்டச் சொன்ன போலீஸ்: சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: சென்ற மாதம் அனுமதி பெற்று நடந்த ஓர் ஆர்ப்பாட்டத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது போலீஸார் வழியில் நிறுத்தி, என் போனின் லாக்கைத் திறக்கச் சொன்னார்கள். பயத்தில் திறந்து கொடுத்தேன். வாட்ஸ்அப் குழுக்களைப் பார்த்து, சில உரையாடல்களைத் தங்கள் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். வழக்கு எதுவும் போடவில்லை. அதிலிருந்து யாரிடம் பேசினாலும் போனில் ஏதோ சத்தம் கேட்கிறது. ஒட்டுக்கேட்கிறார்களா? நான் என்ன செய்யலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அந்தச் சத்தத்தை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். இன்று சட்டப்படியான ஒட்டுக்கேட்பு தொலைபேசி நிறுவனத்தின் கட்டமைப்புக்குள்ளேயே நடக்கிறது. அதனால் உங்கள் போனில் எந்தச் சத்தமும் வராது. சத்தம் கேட்பதால் கேட்கிறார்கள் என்றும் இல்லை, கேட்காததால் கேட்கவில்லை என்றும் இல்லை.

சாலையில் நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வழக்கு இல்லை, கைது இல்லை, எழுத்தில் ஓர் ஆணைகூட இல்லை. பி.என்.எஸ்.எஸ். எனப்படும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 94-வது பிரிவு, விசாரணைக்குத் தேவையான ஆவணத்தையோ போன் போன்ற கருவியையோ கேட்க காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் எழுத்தில் ஆணையிட்டுத்தான் கேட்க வேண்டும். 185-வது பிரிவின் கீழ் வாரன்ட் இல்லாமல் சோதனை போடுவதாக இருந்தால், காரணத்தை முன்பே எழுதி வைக்க வேண்டும், சோதனையை வீடியோ எடுக்க வேண்டும், பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். வழியில் போகும் ஒருவரை நிறுத்தி வாட்ஸ்அப்பைப் புரட்டலாம் என்று இந்தச் சட்டத்தில் எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

“அவரே திறந்து கொடுத்தார்” என்று சொல்வார்கள். நான்கு சீருடைகள் சூழ்ந்து நிற்கும்போது கொடுப்பது சம்மதம் ஆகாது. இதைப் புகாரில் உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். பையைச் சோதிப்பதும் போனைச் சோதிப்பதும் ஒன்றல்ல. அம்மாவின் மருத்துவ ரிப்போர்ட், வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தி, அந்தக் குழுவில் இருந்த மற்ற எல்லாருடைய பெயரும் எண்ணும் அதற்குள்தான் இருக்கின்றன. அவர்களுடைய அந்தரங்கமும் அன்றைக்குத்தான் போனது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். புட்டசாமி வழக்கு. அரசு அதில் கை வைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், தேவைக்கு மேல் போகக் கூடாது. உங்களிடம் போலீஸார் செய்தது முதல் படியிலேயே தடுக்கிவிடுகிறது.

அப்புறம், ஒட்டுக்கேட்பு. அரசுக்கு அந்த அதிகாரம் உண்டு; அதை நான் மறுக்கவில்லை. குண்டு வைக்கத் திட்டமிடுகிறவனின் பேச்சைக் கேட்டாக வேண்டிய நாள் வரத்தான் செய்யும். ஆனால் 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், பழைய தந்திச் சட்டத்தைப் போலவே, பொது அவசரநிலை இருந்தால் அல்லது பொதுப் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டால்தான் அதை அனுமதிக்கிறது. வழக்கமாக உள்துறைச் செயலாளர்தான் ஆணையிட வேண்டும், காரணம் எழுத வேண்டும். 60 நாள் செல்லும். நீட்டித்தாலும் 180 நாளைத் தாண்டக் கூடாது. இந்தக் கட்டுப்பாடுகளின் அடித்தளம் 1996-இல் பி.யு.சி.எல். (மக்கள் சிவில் உரிமைக் கழகம்) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்டது.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு லஞ்ச வழக்குக்காக 2011-இல் பிறப்பித்த ஒட்டுக்கேட்பு ஆணையை ரத்து செய்தது. குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக மட்டும் ரகசியமாகக் கேட்பது பொதுப் பாதுகாப்பு ஆகாது என்பது அதன் சாரம். அதே சமயத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் லஞ்ச வழக்கிலேயே வேறு மாதிரி பார்த்தது. எனவே இந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை.

என்னை உறுத்துவது இன்னொன்று. ஆணையிடுபவர் அரசுச் செயலாளர். அதைச் சரிபார்க்கும் குழுவில் இருப்பவர்களும் அரசுச் செயலாளர்களே. எந்தக் கட்டத்திலும் ஒரு நீதிபதி இல்லை. கேட்கப்பட்டவருக்குப் பிறகாவது தகவல் சொல்ல வேண்டும் என்ற விதியும் இல்லை. குற்றப்பத்திரிகையில் உரையாடல் வந்து நின்றால்தான் தெரியவரும். இதைச் சமநிலை என்று என்னால் சொல்ல முடியவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும், பாதுகாப்பையும் விசாரணையையும் காட்டி மறுக்கவே வாய்ப்பு அதிகம்.

ஆகவே, நிரூபிக்க முடிகிற சம்பவத்தில் கவனம் வையுங்கள். மாவட்ட எஸ்.பி.க்கு, மாநகரமாக இருந்தால் காவல் ஆணையருக்கு, ஸ்பீட் போஸ்ட்டில் புகார் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். எடுத்த படங்களை அழிக்க வேண்டும், எந்தப் பிரிவின் கீழ் சோதனை நடந்தது என்று எழுத்தில் சொல்ல வேண்டும் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாம். சம்பவம் நடந்து ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவும் போடலாம். வழக்கறிஞருக்குச் செலவழிக்க வசதியில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள்.

மறுபடியும் நிறுத்தினால், “சார், எந்த வழக்குக்காகக் கேட்கிறீர்கள்? எழுதிக் கொடுங்கள், ஒப்படைக்கிறேன்” என்று அமைதியாகச் சொல்லுங்கள். பிடுங்கினால் கையால் தடுக்காதீர்கள், அதையே வழக்காக்கிவிடுவார்கள். பாஸ்வேர்டைச் சொல்லக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் நீதிமன்றங்கள் இதுவரை ஒரே குரலில் பேசவில்லை. அதனால் வழக்கறிஞரிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லலாம்.

தேதி, நேரம், இடம், வண்டி எண், பெயர்ப் பட்டையில் இருந்த பெயர், கூட இருந்தவர்கள் யார் என்று நினைவில் இருப்பதையெல்லாம் இன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். அந்த வழியில் இருந்த கடைகளின் சிசிடிவி பதிவு அழிவதற்குள், அதைப் பாதுகாக்கச் சொல்லியும் புகாரில் ஒரு வரி சேருங்கள்.