வேகம், கொள்ளளவு, ஏமாற்று: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 1 டிபி ஹார்டு டிஸ்க் வாங்கினேன். விண்டோஸில் 931 ஜிபிதான் காட்டுகிறது. மீதியைக் கடைக்காரர் ஏப்பம் விட்டுவிட்டாரா?

பதில்: கடைக்காரர் மேல் தப்பில்லை. டிஸ்க் செய்பவர்களுக்கு ஒரு ஜிபி என்பது 100 கோடி பைட். விண்டோஸ் கணக்கில் அது 107 கோடிக்கும் மேல் (1024 × 1024 × 1024). இடம் முழுதாக இருக்கிறது. அளக்கிற படிதான் வேறு.

கேள்வி: 100 எம்பிபிஎஸ் இணைப்புக்குப் பணம் கட்டுகிறேன். எதை இறக்கினாலும் நொடிக்கு 12 எம்பிதான் வருகிறது. புகார் செய்யலாமா?

பதில்: வேண்டாம். எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு, எம்பி என்பது பைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 100-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் 2 டிபி பென் டிரைவ் மிக மலிவாகக் கிடைத்தது. மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்களை அதில் போட்டு வைத்தேன். கோப்புப் பெயர்கள் எல்லாம் தெரிகின்றன, பாதிப் படங்கள் திறக்கவில்லை…

பதில்: படிக்கவே வருத்தமாக இருந்தது. இது திட்டமிட்ட மோசடி. உள்ளே இருப்பது சில ஜிபி சிப்தான். 2 டிபி என்று கணினியிடம் பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டு நிரலை மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் நிறைந்த பிறகு எழுதுவது பழையதன் மேலேயே விழும், அல்லது எங்கும் பதியாமல் போகும். பெயர்ப் பட்டியல் மட்டும் ஒழுங்காக இருப்பதால் நமக்குச் சந்தேகம் வராது.

இனி அதில் எதையும் எழுதாதீர்கள். திறக்கிற படங்களை உடனே வேறிடத்தில் நகலெடுங்கள். அப்புறம் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் உண்மையான கொள்ளளவு தெரிந்துவிடும். அந்த முடிவைப் படம்பிடித்து விற்றவருக்கு அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள். 'பழுது' என்று எழுதாமல், 'சொன்ன கொள்ளளவு இல்லாத போலி' என்றே எழுதுங்கள். படங்கள் முதலில் கேமரா கார்டில் இருந்தவை என்றால், அந்தக் கார்டில் புதிதாக எதுவும் எடுக்காமல் ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். அழித்தவை மீள வாய்ப்பு உண்டு.

கேள்வி: நொடிக்கு 1000 எம்பி வேகம் என்று போட்ட எஸ்எஸ்டி வாங்கினேன். போன் சார்ஜரின் டைப்-சி கேபிளில் செருகினால் 40 எம்பிகூடத் தாண்டவில்லை.

பதில்: குறை கேபிளில்தான். போனோடு வரும் கேபிள்களில் பெரும்பாலானவை யுஎஸ்பி 2.0 வகை. அதன் உச்ச வேகமே 480 எம்பிபிஎஸ். நடைமுறையில் நீங்கள் சொல்கிற 40 எம்பிதான் கிடைக்கும். டைப்-சி என்பது முனையின் வடிவம் மட்டுமே. அதே முனையோடு 40 ஜிபிபிஎஸ் (ஒரு ஜிபிபிஎஸ் என்பது 1000 எம்பிபிஎஸ்) கேபிளும் விற்கிறது. மின்சாரமும் அப்படித்தான். சாதாரணக் கேபிள் 60 வாட் வரை தாங்கும். அதற்கு மேல் 240 வாட் வரை போக, கேபிளுக்குள்ளேயே அதற்கென ஒரு சிப் வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

இந்த விஷயத்தில் எனக்குப் பல வருட ஆத்திரம். 2008-இல் யுஎஸ்பி 3.0 வந்தது, வேகம் 5 ஜிபிபிஎஸ். 2013-இல் அதையே யுஎஸ்பி 3.1 ஜென் 1 என்றார்கள். 2017-இல் அது யுஎஸ்பி 3.2 ஜென் 1 ஆயிற்று. பெயர் இரண்டு முறை மாறியும் வேகம் அதே 5 ஜிபிபிஎஸ். பெட்டியில் 3.2 என்று பார்ப்பவர் அது 3.0-ஐ விட வேகமானது என்று நம்பிக் கூடுதலாகக் கொடுக்கத்தானே செய்வார்? நம்பியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தரம் வகுக்கும் அமைப்பே 2022-இல் வேகத்தையும் வாட்டையும் எண்ணாகச் சொல்லும் முத்திரைகளைக் கொண்டுவந்தது. இன்றும் எந்த எண்ணும் இல்லாத கேபிள்கள் தாராளமாக விற்கின்றன. எத்தனை ஜிபிபிஎஸ், எத்தனை வாட் என்று இரண்டும் அச்சிடாத கேபிளைத் தொடாதீர்கள். உங்களுக்கு வேண்டியது 10 ஜிபிபிஎஸ். எஸ்எஸ்டி பெட்டிக்குள்ளேயே ஒரு கேபிள் இருக்கலாம், தேடுங்கள். கணினியின் போர்ட்டும் அந்த வேகம் கொடுக்க வேண்டும்.

கேள்வி: 8 ஜிபி ராம் உள்ள மடிக்கணினி போதுமா? பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்கிறார் விற்பவர்.

பதில்: எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். வீட்டில் வந்து திறந்தால் ராம் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருந்தது. கூட்ட வழியே இல்லை. அந்த மாடலின் தயாரிப்பாளர் தளத்தில் காலி ராம் ஸ்லாட் இருப்பதாக எழுதியிருந்தால் ஒழிய நம்பாதீர்கள். ஸ்லாட் இல்லையென்றால் இப்போதே 16 ஜிபி வாங்குங்கள்.

கேள்வி: பழைய மடிக்கணினி ஒன்று வாங்கிவிட்டேன். விண்டோஸ் 10 இருக்கிறது, 11-க்கு மாறவில்லை. ஏன்?

பதில்: வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் உள்ள பிராசஸரும் வேண்டும். இதை எல்லாப் பத்திரிகையும் எழுதித் தீர்த்துவிட்டது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: 'கணினியில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்' என்று திரை முழுக்க வந்தது. அப்பா அழைத்தார். அவர்கள் சொன்ன செயலியை நிறுவியதும் கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. அவமானமாக உணர்கிறார்.

பதில்: அவர் வெட்கப்பட ஒன்றுமில்லை. மிரட்டிப் பணம் பறிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் அவர்கள். முதலில் வங்கிக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள், பிறகு காவல்துறையில் புகார் கொடுங்கள். கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்து அந்தச் செயலியை நீக்குங்கள். முடிந்தால் விண்டோஸையே புதிதாக நிறுவுங்கள். கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருக்காது என்பதையும் அப்பாவிடம் சொல்லி வையுங்கள். இன்னொன்று: 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்கட்டணம் கொடுங்கள்' என்று சில நாளில் யாராவது அழைக்கலாம். பெரும்பாலும் அது அதே கும்பலாகவோ, அவர்களிடம் உங்கள் எண்ணை வாங்கியவர்களாகவோ இருக்கும். பேசாமல் துண்டித்துவிடச் சொல்லுங்கள்.