எக்ஸ் கதிர்ப் பல்சார்களைச் சுற்றி வாயு வட்டு இருப்பதை எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

சுங்கை சிப்புட்டில் படிவம் ஆறு மாணவர்களுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கும் எனக்கும் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். படம் பிடிக்க முடியாத வட்டைச் சுழற்சிக் கணக்கு காட்டிக்கொடுக்கிறது என்பதே என் பதில்.

ரிஷபத்தின் இரு கொம்புகளுக்கு இடையே இருக்கும் ஏ 0535+26 என்ற பல்சாரை, அதாவது தற்சுழன்றபடி எக்ஸ் கதிர்த் துடிப்புகளை அனுப்பும் நியூட்ரான் விண்மீனை, 1975இல் ஏரியல் 5 செயற்கைக்கோள் கண்டறிந்தது. விரைவாகத் தற்சுழலும் ஒரு பெரிய நீல விண்மீன் தன் நடுக்கோட்டிலிருந்து வாயுவை வீசிக்கொண்டிருக்க, அதனை 111 நாட்களுக்கு ஒருமுறை நீள்வட்டத்தில் சுற்றும் சிறிய, மிக அடர்ந்த நியூட்ரான் விண்மீன், அருகே வரும்போது அந்த வாயுவில் ஒரு பங்கைக் கவர்ந்து எக்ஸ் கதிரில் ஒளிர்கிறது. இது வழக்கமான சீற்றம். விண்மீன் எதுவும் வெடிப்பதில்லை. பெருஞ்சீற்றமோ இந்த 111 நாள் கணக்குக்குக் கட்டுப்படாமல் வாரக்கணக்கில் நீடிக்கும். 2020 நவம்பரில் நிகழ்ந்தது, எக்ஸ் கதிர் ஒளியை ஒப்பிட அளவுகோலாகக் கொள்ளப்படும் நண்டு நெபுலாவைவிடப் பத்து மடங்குக்கும் மேல் ஒளிர்ந்தது.

கவர்ந்த வாயுவுக்குக் கோண உந்தம் (சுற்றிச் சுழலும் போக்கு) இருப்பதால் அது நேராக விழாமல் வட்டாகச் சுழல்கிறது. நியூட்ரான் விண்மீனின் சில இலட்சம் கோடி காஸ் (காந்தப்புல அலகு) வலிமையுள்ள காந்தப்புலம் வட்டின் உள்விளிம்பைத் தடுத்து, வாயுவைக் காந்தத் துருவங்களுக்குத் திருப்பிவிடுகிறது. அங்கே அது ஒளியின் வேகத்தில் ஏறக்குறையப் பாதி வேகத்தில் மோதுகிறது. நியூட்ரான் விண்மீன் 103 வினாடிக்கு ஒருமுறை தற்சுழல்வதால் அந்த ஒளி நமக்குத் துடிப்பாகத் தெரிகிறது.

சான்று இந்தத் துடிப்பில்தான் இருக்கிறது. அமைதிக் காலத்தில் மெல்லத் தளரும் சுழற்சி, பெருஞ்சீற்றத்தின்போது தொடர்ந்து விரைவு பெறுகிறது. வாயு நாலா பக்கமிருந்தும் ஒழுங்கின்றி விழுந்தால் இது நடக்காது. ராட்டினத்தை விளிம்பில் ஒரே பக்கமாகத் தள்ளுவதுபோல் ஏதோ ஒன்று இடைவிடாமல் தள்ள வேண்டும். மேலும், 1994 பெருஞ்சீற்றத்தில் துடிப்போடு சேர்ந்து 27 முதல் 72 மில்லிஹெர்ட்ஸ் வரையிலான ஓர் ஒளி அலைவும் பதிவாகியது. ஒளி கூடக்கூட அலைவெண்ணும் சுழற்சியின் முடுக்கமும் கூடின. வாயு வரத்து பெருகினால் வட்டின் உள்விளிம்பு காந்தப்புலத்தை நெருக்கி உள்ளே நகரும், உள்ளே நகர்ந்த விளிம்பு விரைவாகச் சுற்றும் என்ற எதிர்பார்ப்போடு இது பொருந்துகிறது. தனித்தனியே அளந்த மூன்றும் ஒத்துப்போவதால், என்னைப் பொறுத்தவரை இது ஒரு படத்தைவிட வலுவான சான்று.

செம்பனைத் தோட்டத்து இருட்டில், வானம் தெளிந்த ஜனவரி இரவில், சிறிய தொலைநோக்கி இருந்தால் அந்த நீல விண்மீனை 9ஆம் ஒளித்தரத்தில் பார்க்கலாம். எக்ஸ் கதிர் வளிமண்டலத்தைக் கடக்காது. ஆகவே சீற்றம் தொடங்கியதா என்பதை மேக்ஸி, ஃபெர்மி போன்ற விண்வெளிக் கருவிகளின் தரவில்தான் தேட வேண்டும்.