பாரிஸ்–ரூபே: கல் பாவிய பாதைகளின் பந்தயம் – கேள்வி பதில்

ஒவ்வோர் ஆண்டும் வழக்கமாக ஏப்ரல் மாதத்தில் வட பிரான்சில் நடைபெறும் பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தைப் பற்றி வந்திருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பல ஆண்டுகளாக இப்பந்தயத்தைத் தவறாமல் பார்த்து வருகிறேன். ஒருமுறை, பந்தயத்துக்கு முந்தைய நாளில் பொதுமக்களுக்காக நடத்தப்படும் ஓட்டத்தில் கலந்துகொண்டு, அதே கற்களின் மீது சைக்கிள் ஓட்டியும் இருக்கிறேன்.

கேள்வி: பெயரில் பாரிஸ் இருந்தும் பந்தயம் ஏன் பாரிஸில் தொடங்குவதில்லை?

தொடக்கத்தில் பாரிஸ் பகுதியிலிருந்துதான் புறப்பட்டது. பெல்ஜிய எல்லையை ஒட்டிய நெசவாலை நகரமான ரூபேயில் சைக்கிள் ஓட்டுகளம் ஒன்றைக் கட்டியிருந்த தியோடோர் வியேன், மோரிஸ் பெரெஸ் என்ற இரண்டு ஆலை அதிபர்கள், அந்தக் களத்துக்குப் பெயர் தேடித் தருவதற்காக 1896-இல் இப்பந்தயத்தை ஏற்படுத்தினார்கள். முதல் வெற்றியாளர் ஜெர்மானியரான ஜோசஃப் ஃபிஷர். 1977 முதல் பாரிஸுக்கு வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காம்பியேன் நகரமே தொடக்க இடமாக இருக்கிறது. மொத்த தூரம் 260 கிலோமீட்டரை ஒட்டி வரும். அதில் ஏறத்தாழ 55 கிலோமீட்டர், சுமார் 30 துண்டுகளாகப் பிரிந்து கிடக்கும் கற்பாதை. முதல் நூறு கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட கல்லே வராது.

கேள்வி: பிரான்ஸ் போன்ற வசதியுள்ள நாட்டில் இன்னும் கற்பாதைகள் இருப்பது ஏன்? தார் போட்டிருக்கலாமே?

தார் போட்டுக்கொண்டேதான் வந்தார்கள். அதனால்தான் பந்தயமே அழியப் பார்த்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வட பிரான்சின் ஊராட்சிகள், தங்கள் ஊரின் கரடுமுரடான பாதை தொலைக்காட்சியில் காட்டப்படுவதைக் கௌரவக் குறைவாகக் கருதி, ஒவ்வொரு பாதையாகத் தார் போட்டு மூடின. 1960-களின் நடுவில் எஞ்சியிருந்த கல் மிகக் குறைவு. அப்போது பந்தய அமைப்பாளர்கள், பழைய பாதைகளைத் தேடித் தருமாறு அந்த வட்டாரத்து மனிதர்களை நாடினார்கள். அப்படித் தேடித் தந்தவர்களில் ஒருவர் ஜான் ஸ்டாப்லின்ஸ்கி. 1962-இல் உலகச் சாம்பியனான இவர், இளமையில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். அவர் காட்டிய அரன்பேர் காட்டுப்பாதை 1968-இல் பந்தயத்தில் சேர்க்கப்பட்டது. அந்தப் பாதைக்கு அடியில் சுரங்கத்தில் உழைத்து, பின்னர் அதன் மேலே பந்தயமும் ஓட்டியவர் அவர் என்பதை அந்த ஊரார் இன்றும் பெருமையோடு சொல்வார்கள்.

இப்போது நிலைமை தலைகீழ். மிஞ்சியிருக்கும் பாதைகள் காக்கப்படுகின்றன. 'பாரிஸ்–ரூபேயின் நண்பர்கள்' என்ற தன்னார்வச் சங்கத்தினர், பெயர்ந்த கற்களைத் தோண்டியெடுத்து, அடியில் மணலிட்டு, ஒவ்வொன்றாகக் கையால் மீண்டும் பதிக்கிறார்கள். தோட்டக்கலைப் பள்ளி மாணவர்களும் இந்தப் பணியில் உதவுகிறார்கள். அரன்பேரில் கற்களின் இடுக்குகளில் வளரும் புல்லை அகற்ற, அண்மை ஆண்டுகளில் ஆடுகளை மேயவிட்டதும் உண்டு. பந்தயம் ஆண்டுக்கு ஒரு நாள்தான். மற்ற நாள்களில் இவை பீட் கிழங்கும் உருளைக்கிழங்கும் ஏற்றிச் செல்லும் வண்டிகளின் வயல் பாதைகள். வண்டிச் சக்கரங்கள் இருபுறமும் அழுத்தி அழுத்தி, நடுப்பகுதி முதுகுபோல் மேடாகவும் ஓரங்கள் பள்ளமாகவும் மாறிவிடுகின்றன. பழைய ஐரோப்பிய நகரச் சதுக்கங்களில் காணப்படும் வழவழப்பான கல்தளத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இதைக் கற்பனை செய்ய வேண்டாம்.

கேள்வி: 'வடக்கின் நரகம்' என்ற பெயர் இந்தக் கற்களால் வந்ததுதானே?

இல்லை. முதல் உலகப் போர் முடிந்தபின், 1919-இல் பந்தயத்தை மீண்டும் நடத்த முடியுமா என்று வழியைப் பார்வையிடச் சென்றவர்கள், குண்டுகள் துளைத்த நிலத்தையும் கருகிய மரங்களையும் இடிந்து கிடந்த ஊர்களையும் கண்டார்கள். நரகம் என்ற சொல் அந்தக் காட்சியைக் கண்டு எழுந்தது. மேடு பள்ளத்துக்கான வருணனையாக அதைப் பயன்படுத்துகிறபோதெல்லாம் அந்த மண்ணில் மடிந்தவர்களை மறந்துவிடுகிறோம் என்று எனக்குத் தோன்றும்.

கேள்வி: எங்கள் தெருவின் பள்ளங்களில் ஓட்டினாலே எனக்குக் கை மரத்துப்போகிறது. இவர்கள் எப்படி 55 கிலோமீட்டர் ஓட்டுகிறார்கள்?

முதல் உண்மை சற்று விசித்திரமாகத் தோன்றும்: கல்லின் மீது மெதுவாகச் செல்வதுதான் கூடுதல் துன்பம். வேகம் குறைந்தால் சக்கரம் ஒவ்வோர் இடுக்கிலும் இறங்கி ஏறும். வேகம் இருந்தால் கற்களின் மேற்பரப்பைத் தொட்டுத் தொட்டுக் கடந்துவிடும். ஆகையால் வீரர்கள் கனமான கியரில், இடைவிடாமல் மிதித்துக்கொண்டே செல்கிறார்கள். மிதிப்பது நின்றால் உடலின் எடை முழுவதும் இருக்கையிலும் கைகளிலும் விழுந்துவிடும்.

இரண்டாவது, பிடி. பயத்தில் ஹாண்டில்பாரை இறுகப் பிடித்தால் அதிர்வு முழுவதும் முழங்கை வழியாகத் தோளுக்கு ஏறுகிறது. ஒரு சிறு பறவையைக் கையில் வைத்திருப்பதுபோல் தளர்வாகப் பிடித்து, முன்சக்கரம் சற்று அலைந்தாலும் அதை அதன் போக்கில் விட வேண்டும். நான் ஓட்டியபோது இதை அறிந்திருந்தும் முதல் மூன்று பகுதிகளில் என்னால் செய்ய முடியவில்லை. அன்று மாலை தண்ணீர்ப் புட்டியின் மூடியைத் திறக்கக்கூட விரல்களில் வலுவில்லை.

மூன்றாவது, பாதையின் எந்தக் கோட்டில் செல்வது என்பது. உலர்ந்த நாளில் நடுமேடு நல்லது. ஓரத்து மண்பட்டை மென்மையாக இருந்தாலும், அங்கேதான் கூர்மையான கற்சில்லுகள் டயருக்காகக் காத்திருக்கும். மழை நாளில் நடுமேட்டின் சரிவில் சக்கரம் வழுக்கும் என்பதால் இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும்.

கேள்வி: சைக்கிளில் என்னென்ன மாற்றங்கள் செய்கிறார்கள்?

முக்கியமானது டயர். ஒரு தலைமுறைக்கு முன்பு இருந்ததைவிட இப்போது டயர்கள் மிகவும் அகலம். 30 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இங்கே வழக்கமாகிவிட்டது. காற்றழுத்தத்தை வழக்கத்தைவிட நன்றாகக் குறைக்கிறார்கள். ஆனால் அளவுக்கு மீறிக் குறைத்தால் சக்கரத்தின் விளிம்பே கல்லில் இடிக்கும். அந்த எல்லையைக் கண்டறிவதற்காகவே பந்தயத்துக்கு முன்பு அணிகள் வழியில் பயிற்சி செய்து பார்க்கின்றன. டியூப் இல்லாத டயர்களில் உள்ளே ஊற்றப்படும் திரவம் சிறு துளைகளைத் தானாக அடைத்துவிடுகிறது. 1990-களின் தொடக்கத்தில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையை அதிர்வு தாங்கும் வகையில் அமைத்துச் சிலர் பயன்படுத்தினார்கள். அதைக் கொண்டு கில்பேர் டூக்லோ-லசால் 1992, 1993 இரண்டு ஆண்டுகளும் வென்றார். எடை காரணமாக அது நிலைக்கவில்லை.

கேள்வி: பஞ்சரும் விழுகையும் தீர்மானிக்கும் பந்தயம் இது. வெற்றி முழுக்க அதிர்ஷ்டம்தானே?

இந்தக் கேள்வி ஆண்டுதோறும் வருகிறது. ஆண்டுதோறும் நான் மறுத்துக்கொண்டிருக்கிறேன். துரதிர்ஷ்டம் ஒருவரை வீழ்த்தக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2006-இல் ஜார்ஜ் ஹின்காப்பியின் சைக்கிளில் ஹாண்டில்பாரைத் தாங்கும் குழாய் முறிந்து அவர் கீழே விழுந்தார். 2023-இல் கார்ஃபூர் த லார்ப்ர என்ற கற்பகுதியில் முன்னணியில் இருந்த வவுட் வான் ஆர்ட்டின் டயர் பஞ்சரானது. இவற்றுக்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதிர்ஷ்டம் மட்டுமே வெல்லுமானால், ரோஜர் டெ வ்ளேமிங்கும் டாம் போனனும் ஆளுக்கு நான்கு முறை எப்படி வென்றார்கள்? மாத்தியூ வான் டெர் பூல் 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று முறை எப்படி வென்றார்?

விடை, கற்பாதை தொடங்குவதற்கு முந்தைய ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறது. குறுகலான பாதைக்குள் முதல் பத்துப் பதினைந்து பேரில் ஒருவராக நுழைபவருக்கு முன்னால் பாதை தெளிவாகத் தெரியும். ஐம்பதாவது ஆளாக நுழைபவர் முன்னவரின் முதுகையும் புழுதியையும்தான் பார்க்கிறார், யாராவது விழுந்தால் அவரும் நிற்க வேண்டியதுதான். அந்த இடத்துக்காக ஒவ்வொரு முறையும் அணியே சேர்ந்து போராடுகிறது. பஞ்சரானாலும், கற்பகுதியின் முடிவில் மாற்றுச் சக்கரத்தோடு அணி உதவியாளர் நிற்க வேண்டிய இடத்தில் நின்றிருந்தால் இழப்பு சில நொடிகள். இல்லையேல் பந்தயமே போயிற்று. இதைத் திட்டமிடல் என்றுதான் நான் சொல்வேன்.

2016-ஐயும் நினைத்துப் பாருங்கள். ஆஸ்திரேலியரான மாத்யூ ஹேமன் சுமார் ஆறு வாரங்களுக்கு முன்பு கை எலும்பு முறிந்தவர். வெளியே ஓட்ட முடியாமல் வீட்டுக்குள் நிலைச் சைக்கிளில் பயிற்சி செய்து வந்து, பந்தயம் முடியும் ரூபே ஓட்டுகளத்தில் போனனையே முந்தினார். தொடக்கத்திலேயே முன்னே பிரிந்து சென்ற குழுவில் இருந்ததால் பின்னால் நடந்த குழப்பங்களில் அவர் சிக்கவில்லை. கடைசியில் ஐந்து பேர் எஞ்சியபோது அவருக்கு வலுவும் எஞ்சியிருந்தது.

கேள்வி: டூர் தெ பிரான்ஸ் வெல்பவர்கள் இதில் ஏன் வெல்வதில்லை?

டூர் தெ பிரான்ஸைப் பெரும்பாலும் மலையேறுவதில் வல்லவர்களே வெல்கிறார்கள். இதுவோ மலையே இல்லாத பந்தயம். மலையேறுபவருக்கு வரமான குறைந்த எடை இங்கே பாதகமாகிவிடுகிறது: லேசான உடலைக் கல் தூக்கித் தூக்கிப் போடும். ஆனாலும் டூர் வென்றவர்களில் சிலர் இங்கேயும் சாதித்திருக்கிறார்கள். எடி மெர்க்ஸ் மூன்று முறை வென்றார். பெர்னார் இனோ, இப்பந்தயத்தை வெளிப்படையாகவே வெறுத்தபோதிலும், 1981-இல் உலகச் சாம்பியனின் வானவில் சட்டையோடு பலமுறை விழுந்தெழுந்து வென்றார். 2025-இல் தடே போகாச்சர் முதல்முறை வந்தபோதே வான் டெர் பூலுடன் கடைசிவரை மோதும் நிலைக்கு வந்தார். சுமார் 38 கிலோமீட்டர் மீதமிருக்கையில் ஒரு வளைவில் வேகத்தைத் தவறாகக் கணித்து விழுந்ததால் இரண்டாமிடம் கிடைத்தது.

கேள்வி: மகளிருக்கு இப்பந்தயம் உண்டா?

2021 அக்டோபரில்தான் முதன்முறையாக நடந்தது. 125 ஆண்டுத் தாமதம். பிரிட்டனின் லிஸி டெய்னன், 80 கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டி, ஈரக் கற்களில் வழுக்கி வழுக்கி வென்றார். கையுறை அணியாத அவருடைய கைகளின் இரத்தம் ஹாண்டில்பாரின் நாடாவில் படிந்திருந்தது. அவருக்கான பரிசுத் தொகை 1,535 யூரோ. மறுநாள் ஆண்கள் பந்தயத்தில் வென்ற சோனி கோல்ப்ரெல்லிக்கு 30,000 யூரோ. அந்த வேறுபாட்டை நியாயப்படுத்த யாராலும் முடியாது.

கேள்வி: இவ்வளவு ஆபத்து தேவையா?

அரன்பேரில் 1998-இல் விழுந்த யோஹான் மூசேவின் முழங்கால் சில்லு நொறுங்கி, புண் அழுகி, காலையே இழக்கும் நிலை ஏற்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவர் மீண்டும் வந்து வென்று, கோட்டைக் கடக்கும்போது அந்த முழங்காலைச் சுட்டிக்காட்டினார். அந்தக் காட்சி என்னை உலுக்குகிறது. ஆனாலும் அதை வைத்து ஆபத்தை நியாயப்படுத்த மாட்டேன். அரன்பேருக்குள் வீரர்கள் மணிக்கு 60 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் நுழைவதால், வீரர்கள் சங்கத்தின் கோரிக்கையை ஏற்று 2024-இல் நுழைவாயிலுக்கு முன் கூரிய வளைவுகள் அமைக்கப்பட்டன. பலர் அதை எள்ளினார்கள். வேகத்தைக் குறைத்தது சரியே என்பது என் கருத்து. கல் அப்படியேதான் இருந்தது.

கேள்வி: முதன்முறையாகப் பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

கற்பகுதிகளின் எண்கள் இறங்குவரிசையில் வரும். கடுமைக்கு ஏற்ப ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் தரப்பட்டிருக்கும். ஐந்து நட்சத்திரம் மூன்றுக்குத்தான்: அரன்பேர், மோன்ஸ்-அன்-பெவெல், கார்ஃபூர் த லார்ப்ர. நேரம் குறைவாக இருந்தால் அரன்பேருக்குச் சற்று முன்பு, அதாவது 100 கிலோமீட்டர் மீதமிருக்கும்போது பார்க்கத் தொடங்குங்கள். முன்னணியை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு பகுதிக்கும் முன்பு எந்த அணி முன்னே வருகிறது என்று கவனியுங்கள். ரூபே ஓட்டுகளத்தில் ஒன்றரைச் சுற்று முடிந்து, வென்றவர் பீடத்தில் ஏற்றிய கல் ஒன்றைப் பரிசாகத் தூக்கிக் காட்டியதும் தொலைக்காட்சியை அணைத்துவிட வேண்டாம். அதற்கு வெகுநேரம் கழித்து, முகமெல்லாம் புழுதியோடு, நேரக்கெடு தாண்டிவிட்டது தெரிந்தும், அந்த ஒன்றரைச் சுற்றை முடிப்பதற்காகவே உள்ளே வருகிறவர்கள் இருப்பார்கள்.